லென்ஸுக்கு ஒரு வளையம்

மாடு வாங்கச் செல்பவர் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். பானை வாங்கும் தாய்மார் அதை விரலால் தட்டி ஓசை கேட்கின்றனர். சோதித்து வாங்குவது நம் மரபு. ஆயினும், பெட்டிக்குள் அடைத்துப் பெயர் பொறித்து வரும் இக்காலப் பொருள்களிடம் அந்த மரபை மறந்துவிடுகிறோம். பெயர் பெற்ற பொருளாயின் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறோம். பெயர் பெறாததாயின் தொடவும் அஞ்சுகிறோம். அளவான வருவாயில் அயலூரில் குடித்தனம் நடத்தும் நம்போன்ற குடும்பங்களுக்கு இவ்விரண்டும் ஏற்றவை அல்ல. இதனை விளக்கும் பொருட்டு, அண்மையில் நாம் ஒரு சிறு வளையம் வாங்கிய வரலாற்றை அன்பர்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருநாள் பறவைப் பெயர்களைக் கேட்டோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதினைந்து பெயர்களைத் தடையின்றிச் சொன்னார்கள். தமிழில் காக்கை, குருவி, மயில், கிளி என்பதோடு நின்றுவிட்டார்கள். அது அவர்கள் குற்றமன்று. பறவையையும் பெயரையும் ஒருங்கே காட்டுவார் இல்லை. ஆதலின், நாமே படமெடுத்து, கீழே தமிழ்ப்பெயர் எழுதி, வகுப்புக்கு ஒரு படத்தொகுப்பு ஆக்கித்தருவது என்று முடிவு செய்தோம். எம்மிடம் ஒரு காமிராவும், பழைய பொருளாக வாங்கிய டெலிபோட்டோ லென்ஸ் ஒன்றும் இருந்தன. அது கேனன் கம்பெனியார் 1999இல் வெளியிட்ட 70–200 மில்லிமீட்டர், எஃப்/4 லென்ஸ்.

படமெடுக்கத் தேர்ந்த இடம் கோபிநத்தம். எம் மனைவியின் உறவினர் அவ்வூரில் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். மைசூரிலிருந்து செல்வோருக்குப் புகைவண்டி சாமராஜநகரோடு முடிந்துவிடும்; அப்பால் பேருந்தே துணை. கொள்ளேகால் வழியாக மாதேசுவர மலையைக் கடந்து செல்ல வேண்டும். அவ்வூர் மக்கள் வீட்டில் பேசுவது தமிழ். இதில் வியப்பில்லை. கொள்ளேகால் வட்டம் 1956ஆம் ஆண்டு வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த அப்பகுதி 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. நாம் ஊர்விட்டு ஊர் வந்து அயலார் ஆனோம். அவர்களோ இருந்த இடத்திலேயே இருந்தார்கள், எல்லைக்கோடு நகர்ந்தது.

அவ்வூரின் பெயரைக் கேட்டதும் பலர் வீரப்பனை நினைப்பர். அவன் பிறந்த ஊர் அதுவே. அக்காலத்தில் இக்காடுகளில் காமிராவுடன் திரிவது எளிய செயலாக இருக்கவில்லை. மைசூரைச் சேர்ந்த புகழ்பெற்ற வனவிலங்குப் படப்பிடிப்பாளர்களான கிருபாகர், சேனானி இருவரையும் 1997இல் அவன் பந்திப்பூரிலிருந்து கடத்திச் சென்று பதினான்கு நாள் வைத்திருந்தான். 2004இல் அவன் மறைந்தபின் அச்சம் நீங்கியது. இன்று அப்பக்கம் செல்வோர் அஞ்ச வேண்டியது யானைக்கு. பெற வேண்டியது வனத்துறையின் இசைவு.

இனி வளையத்துக்கு வருவோம். எமது லென்ஸின் நீளம் 172 மில்லிமீட்டர். எடை 705 கிராம். முக்காலியின் திருகு காமிராவின் அடியில் பொருந்துகிறது. ஆனால் பளு முழுவதும் முன்னால் நீண்டு நிற்கிறது. திருகை எவ்வளவு இறுக்கினாலும், கையை எடுத்தவுடன் லென்ஸின் முகம் மெல்லத் தாழும். காமிராவும் லென்ஸும் பூட்டிக்கொள்ளும் வாய்க்கும் அது வருத்தம். காவடி எடுப்பவர் தண்டின் நடுவைத் தோளில் வைக்கிறாரேயன்றி நுனியை வைப்பதில்லை அன்றோ? டிரைபாட் காலர் எனப்படும் வளையம் செய்வதும் இதுவே. அது லென்ஸின் இடையைப் பற்றிக்கொள்ளும். அதன் அடியிலுள்ள பாதம் முக்காலியில் அமரும். பளு இருபுறமும் ஒத்து நிற்கும். மேலும், நெட்டுப் படம் எடுக்க வேண்டின் முக்காலியின் தலையைச் சாய்க்க வேண்டியதில்லை. வளையத்தின் பிடியைச் சற்றுத் தளர்த்திக் காமிராவைத் திருப்பினால் போதும்.

பறவைகள் நன்கு நடமாடும் காலை மாலைகளில் வெளிச்சம் குறைவு. 200 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பவர் 1/200 விநாடி வேகமாவது வைக்க வேண்டும் என்பது பழைய விதி. அந்தி வேளையில் அவ்வேகத்துக்கு ஒளி போதாது. 1/30 விநாடி வைத்தால் நாடித் துடிப்பே படத்தைக் கெடுத்துவிடும். கலங்கிய படத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு எந்தப் பெயரைச் சொல்வது?

அந்த லென்ஸுக்கு உரிய வளையத்தைக் கம்பெனியார் லென்ஸுடன் தருவதில்லை; தனியாக விற்கின்றனர். எமக்குச் சொல்லப்பட்ட விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. எம் மனைவி, “லென்ஸே பழசு. அதுக்கு இடுப்பில கட்டுற வளையத்துக்கு ஒரு மாச மளிகைக் காசா?” என்று கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. அவ்வாண்டு மகளின் பள்ளிக்கூடத் தவணையும் எதிரில் நின்றது. பிற கம்பெனியார் செய்யும் வளையங்களோ ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தன. நண்பர்கள் சிலர், “மலிவு வளையத்தை நம்பி லென்ஸைத் தொங்கவிடலாமா?” என்று எச்சரித்தனர். அதிலும் நியாயம் இருந்தது.

இவ்விடத்தில் எமக்குத் துணிவு தந்தவர் மா. கிருஷ்ணன் அவர்கள். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் இறுதிவரை இயற்கையைப் பற்றி எழுதியவர், 1960இல் பத்மஸ்ரீ பெற்றவர். யானைகளையும் பிற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. அவர் கையாண்ட காமிராக்களுள் ஒன்று, பல காமிராக்களின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து அவரே அமைத்துக்கொண்டது. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். உறுப்பின்மேல் பொறித்த பெயரை அவர் கேட்கவில்லை. பொருந்துகிறதா, தாங்குகிறதா என்றே கேட்டார்.

அவ்விரு கேள்விகளையே நாமும் கேட்டோம். இதே தேவையுடைய அன்பர்களுக்குப் பயன்படும் என்று, கவனிக்க வேண்டியவற்றை ஈண்டு வரிசையாகத் தருகிறோம்.

முதலாவது, அளவு. லென்ஸின் முழுப்பெயரைச் சொல்லி வளையம் கேட்க வேண்டும். ஒரே கம்பெனியின் 70–200 லென்ஸ்களுள்ளும் எஃப்/4க்கு உரியது எஃப்/2.8க்குப் பொருந்தாது. நிக்கான் கம்பெனியின் ஆர்டி-1 என்னும் வளையமோ அவர்களுடைய 70–200 எஃப்/4க்கும், 300 எஃப்/4 பிஎஃப் லென்ஸுக்கும் பொதுவானது. வளையம் அமர்வதற்கென்று வழவழப்பான இடம் விடப்படாத லென்ஸ்களும் உண்டு. அவற்றில் எந்த வளையத்தையும் மாட்டலாகாது.

இரண்டாவது, கீலும் திருகும். வளையத்தைப் பாதி திறந்து கீலை ஆட்டிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் ஆடினால் வேண்டாம் என்று திருப்பிவிட வேண்டும். திருகைத் தளர்த்தியவுடன் வளையம் முழுதும் விரிந்துவிடாமல் தடுக்கும் ஏற்பாடு இருத்தல் நலம்.

மூன்றாவது, உள்ளே ஒட்டியுள்ள துணி. அது சீராகவும் மெல்லியதாகவும் இருந்தால், அளவோடு இறுக்கினாலே பிடிக்கும். மிகுதியாக இறுக்கினால்தான் பிடிக்கும் என்னும் வளையம் லென்ஸை நெரிக்கும். குவியம் திருப்பும் பகுதி இறுகிவிடும்.

நான்காவது, பாதம். அது குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். உயரமான பாதம் நடுக்கத்தைப் பெருக்கும். ஆர்க்கா-ஸ்விஸ் முறையில் பாதத்திலேயே காடி வெட்டியிருந்தால் தனித்தட்டின் செலவு மிச்சம்.

ஐந்தாவது, திருப்பித்தரும் உரிமை. இன்னது இத்தனை நாளுக்குள் திருப்பிக்கொள்ளப்படும் என்று எழுத்தில் இருத்தல் வேண்டும்.

முதலில் வந்த வளையத்தின் கீல் ஆடியது. மறுநாளே திருப்பி அனுப்பினோம். இரண்டாவதன் விலை ரூ. 1,400. அதனை வீட்டில் இருவகையாகச் சோதித்தோம். தாழ்வாரத்தின் கோடியில் தினசரிக் காலண்டரை மாட்டி, அதன் தேதியின் நடுவைக் காமிராத் திரையின் நடுவில் நிறுத்தி, திருகை இறுக்கிக் கையை எடுத்தோம். தேதி நகரவில்லை. பிறகு காமிராவின் உட்கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தி, இரண்டு விநாடி கழித்துத் தானே இயங்குமாறு வைத்து, 1/60 முதல் 1/4 விநாடி வரை படிப்படியாகப் படங்கள் எடுத்தோம். நடுக்கம் மிகுதியாக வெளிப்படும் வேகங்கள் இவை. வளையமின்றியும் அவ்வாறே எடுத்து, இருவகைப் படங்களையும் பெரிதாக்கி ஒப்பிட்டோம். வளையமின்றி எடுத்தவற்றில், 1/15 விநாடியில் காலண்டரின் சிறிய எழுத்துக்கள் இரட்டையாகத் தெரிந்தன. வளையத்துடன் எடுத்தவற்றில் ராகுகாலம், எமகண்டம் வரை படிக்க முடிந்தது. பானையைத் தட்டிப் பார்ப்பதற்கு இது நிகர்.

ஒன்றை மட்டும் அசலுக்கும் மலிவுக்கும் பொதுவாகச் சொல்வோம். முக்காலியில் இருக்கும்போதும் காமிராவின் வாரைக் கழுத்திலோ கையிலோ சுற்றிக்கொள்க. வளையத்தை மட்டும் நம்பித் தோளில் சாய்த்துத் தூக்கிச் செல்லற்க.

கோபிநத்தத்தில் இரண்டு நாள் தங்கினோம். வனத்துறையினரின் இசைவு பெற்று, ஊரை அடுத்த அணைக்கரையில் முக்காலியை நிறுத்தினோம். மனைவியின் பெரிய மாமா உடன் வந்தார். கம்பியில் அமர்ந்திருந்த கரிச்சானை நாம் படம் பிடித்தபோது, “அது ரெட்டவால் குருவிங்க மாப்பிள்ளை. தன் கூட்டுப் பக்கம் வந்தா காக்காயக்கூட விடாமத் துரத்தும்” என்றார். நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்வதற்கும், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நீரின்மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதற்கும் அவரிடம் சொற்கள் இருந்தன. அந்தி சாய்ந்தபின் எடுத்த படங்களிலும் இறகுகள் பிரிந்து தெரிந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் நூற்பெயரோடு மாமா சொன்ன பெயரையும் எழுதி வைத்துள்ளோம்.

வகுப்பில் அவற்றைக் காட்டியபோது நடந்தது எம்மை மகிழ்வித்தது. தஞ்சைக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, “எங்க பாட்டி இதைக் கரிக்குருவின்னு சொல்வாங்க” என்றாள். சேலத்துச் சிறுவன் ரெட்டைவாலே சரி என்று வாதிட்டான். தமிழில் வாதிட்டார்கள் என்பதே நமக்குப் போதும். உங்கள் இல்லத்துப் பெரியோரிடம் வழங்கும் பறவைப் பெயர்களையும் எழுதி அனுப்புங்கள், தொகுப்பில் சேர்த்துக்கொள்வோம்.

அணைக்கரையில் அந்த வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த மாமா, “அட, சுமைக்குச் சும்மாடு மாதிரிதானுங்களே இது!” என்றார். இதைவிடத் தெளிவாக நம்மால் சொல்ல முடியாது. சும்மாட்டுக்குப் பட்டுத்துணி தேட வேண்டியதில்லை. இற்றுப்போன துணியும் ஆகாது. சுமையை அறிந்து, துணியை இழுத்துப் பார்த்து, அதன்பின் தலையில் வைக்க வேண்டும்.