கூட்டறிக்கையில் எழுதாத பெயர்

சில மாதங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக மாணவர்களின் சேவைக் கழகமொன்று தனது ஆண்டு நிறைவு விழாவில் உரையாற்ற என்னை அழைத்திருந்தது. இரத்ததான முகாம், கடற்கரைச் சுத்திகரிப்பு, வன்னிப் பாடசாலைகளுக்குக் கொப்பிகள் என அவர்கள் வாசித்த ஆண்டறிக்கை நீண்டு சென்றது. விழா முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது கழகத்தின் செயலாளரான மாணவி என்னிடம் வந்தார்.

"சேர், சேவை செய்யிற கழகம் உரிமையைப் பற்றிக் கதைக்கக் கூடாதோ? கதைச்சால் அது அரசியல் எண்டு சொல்லுகினம்" என்று கேட்டார்.

இரண்டும் தேவைதான், சூழ்நிலையைப் பொறுத்தது என்று பொதுப்படையாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் முகத்தில் திருப்தி தெரியவில்லை. எனக்கும் திருப்தியில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

1974இல் திருநெல்வேலியிலிருந்த பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில், பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப்பட்டது. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மாணவர் ஒன்றியங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்திலேயே இடமுண்டு. அவற்றுக்குப் புறம்பாகத் தமிழ் மன்றம், இந்து மன்றம், லியோ கழகம், முதலுதவிக் குழு என்று பலவும் இயங்குவது வழக்கம். கோரிக்கை வைப்பதும் ஊர்வலம் போவதும் ஒன்றியத்தின் வேலை, உதவி செய்வது கழகத்தின் வேலை என்று ஒரு பிரிவினை எழுதாச் சட்டமாக நிலவியது.

எல்லாக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை. 1985இல் பல்கலைக்கழகக் கலாசாரக் குழுவினர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள். அது கலையா, சேவையா, குரல் கொடுத்தலா என்று பார்த்தவர்கள் பிரித்துக் கேட்கவில்லை. நாங்கள் பல்கலைக்கழகம் வந்தபோது காலம் மாறியிருந்தது. எதைப் பேசினாலும் ஏதோவொரு தரப்புக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பேசாமல் செய்யக்கூடியது சேவை மட்டுமே.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறியது. நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற அந்த மனிதக் கூட்டத்தில் நானும் ஒருவன். 1996 ஏப்ரலுக்குப் பின்னர் சனங்கள் ஊர் திரும்பத் தொடங்கினார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் நாங்களும் மீண்டும் விரிவுரைகளுக்குச் சென்றோம். திரும்பி வந்த வீடுகளில் கூரை இருந்தால் கதவு இல்லை. கதவு இருந்தால் கிணற்றில் குடிக்கக்கூடிய நீர் இல்லை.

எங்கள் கழகம் முதலில் எடுத்துக்கொண்ட வேலை கிணறு இறைப்பது. பத்துப் பேர் சைக்கிளில் போவோம். வாளியும் கயிறும் வீட்டுக்காரர் தருவார்கள். அடுத்த வேலை, சனிக்கிழமைகளில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவது. அறுபது பிள்ளைகள் வரை வந்தார்கள். ஓராண்டுக்கு மேலாக எழுத்தைத் தொடாத பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். நான் கழகத்தின் செயலாளர். கூட்டறிக்கைப் புத்தகம் என் பொறுப்பில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்தபின் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் வாசலில் நின்றார். தன் பேரனைக் கூட்டிப்போக வந்தவர். அவருடைய மகனைச் சில வாரங்களுக்கு முன்னர் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டு சென்றிருந்தார்கள். அதன்பின் தகவல் இல்லை.

"தம்பிமார், நீங்கள் படிச்ச பிள்ளையள். எனக்கு ஒரு கடிதம் எழுதித் தருவியளோ? இங்கிலிசிலை எழுதி, உங்கடை சங்கத்தின்ரை பேரும் போட்டுக் குடுத்தால் கவனிப்பினம் எண்டு சொல்லுகினம்" என்றார்.

கேட்டுச் சொல்கிறோம் அம்மா என்றோம். அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் அது பேசப்பட்டது. எங்கள் சிரேஷ்ட பொருளாளராக இருந்த விரிவுரையாளர் நல்ல மனிதர். கடிதத் தலைப்பில் கழகத்தின் பெயர் போனால் உறுப்பினர்களின் பெயர்களும் தேடப்படும், நீங்கள் ஒவ்வொரு நாளும் எத்தனை காவலரண்களைக் கடந்து வருகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்றார். வகுப்பை நிறுத்திவிடுவார்கள், அறுபது பிள்ளைகளுக்கும் யார் பதில் சொல்வது என்று தலைவர் கேட்டார். எவரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அன்றிரவு நான் எழுதிய வரி எனக்கு இன்றும் மனப்பாடம்: 'பெற்றோர் ஒருவரின் வேண்டுகோள் கழகத்தின் நோக்கங்களுக்குப் புறம்பானது என்பதால் கவனத்திற் கொள்ளப்படவில்லை.'

அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் சொன்ன ஆபத்து உண்மையானது. 1996ஆம் ஆண்டில் மாத்திரம் குடாநாட்டில் ஏறத்தாழ 600 பேர் காணாமற் போனதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பின்னர் கணக்கிட்டது. ஆனால் ஒரு விடயம் அப்போது எவருக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் சொல்லவில்லை. கழகத்தின் பெயர் இல்லாமலும் அந்தக் கடிதத்தை எழுதியிருக்கலாம். அந்தத் தாயின் பெயரில், அவருடைய சொற்களில், ஒரு தாளில் எழுதி அவருடைய கையொப்பத்துடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ கச்சேரிக்கோ கொடுக்க அவருக்கு உதவியிருக்கலாம். எனக்கு ஆங்கிலம் தெரியும். பேனை இருந்தது. ஒரு மணித்தியால வேலை. நான் செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமை பேரன் தனியாக வந்தான். அதற்கு அடுத்த வாரம் அவனும் வரவில்லை.

1998இல் நீதிமன்றத்தில் கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறினார். 1999இல் அங்கு அகழ்வு நடைபெற்று 15 எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. அப்போது நான் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். அகழ்வைப் பார்க்க வந்திருந்த தாய்மாரிடையே அந்த முகத்தைத் தேடினேன். விசாரிப்பதற்கு என்னிடம் பெயர் இல்லை. கூட்டறிக்கையில் 'பெற்றோர் ஒருவர்' என்றுதானே எழுதியிருந்தேன்.

2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் அகழ்ந்தபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஓகஸ்ட் 5ஆம் திகதி, மீட்கப்பட்ட உடைகளையும் பொருள்களையும் அடையாளம் காண்பதற்காகப் பொதுமக்களுக்குக் காட்டினார்கள். அந்தத் தாய் இன்று உயிரோடு இருந்தால் எண்பது வயதுக்கு அண்மித்திருப்பார். அந்தப் பேரனுக்கு முப்பத்தைந்து வயதாவது இருக்கும். அவன் வந்திருந்தானோ என்று எனக்குத் தெரியவில்லை. வந்திருந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரிகையில் நான் செய்துவருவதைச் சிலர் துணிச்சல் என்கிறார்கள். காணாமற் போனோரின் உறவினர்கள் பேசும்போது நான் முதலில் கேட்பது அவர்களது முழுப் பெயரை. எழுத்துப் பிழையின்றி எழுதிக்கொண்டபின்தான் அடுத்த கேள்விக்குப் போவேன். அது துணிச்சலால் வந்த பழக்கமன்று. அந்த ஒரு வரியைத் திருத்தும் முயற்சி.

இன்றைய மாணவர்கள் எங்களைவிடத் தெளிவானவர்கள். 2021 ஜனவரியில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக இடிக்கப்பட்டபோது மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. ஆயினும் கழகங்களுக்குள் அந்தப் பழைய பிரிவினை இன்னும் இருக்கிறது என்பதையே அந்த மாணவியின் கேள்வி எனக்குக் காட்டியது.

அவருக்கு என் பதில் இதுதான், மகளே. கொப்பி கொடுங்கள், இரத்தம் கொடுங்கள், கிணறு இறையுங்கள். அவை சிறிய காரியங்கள் அல்ல. எங்கள் வகுப்பில் எழுத்துக் கூட்டிய பிள்ளைகளில் சிலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஆனால் உங்களிடம் கொப்பி வாங்க வருபவர் ஒருநாள் வேறொன்றையும் கேட்பார். அது உங்கள் கழகத்தின் யாப்பில் இருக்காது. கழகத்தால் செய்ய முடியாமற் போகலாம். அதற்கு நியாயமான காரணங்களும் இருக்கலாம். அப்போது உங்களில் ஒருவராவது வீட்டுக்குப் போய் அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள். அதற்கும் முடியாவிட்டால், குறைந்தபட்சம் கேட்டவரின் பெயரைக் கூட்டறிக்கையில் எழுதி வையுங்கள்.