பெயர்த்தி பயின்ற பாடம்

பள்ளியில் பயிலும் பாடங்களுள் சிலவற்றை அரியன என்றும், சிலவற்றை எளியன என்றும் பிரித்து வைத்தல் நம்மவர் வழக்கம். கணக்கும் இயற்பியலும் அரியன. அவற்றைப் பயில்வோன் அறிவாளி. உடற்கல்வி எளிது, அதனைப் பயில்வோன் மதிப்பெண்ணை எண்ணியே பயில்கின்றான். இப்பிரிவினையை வகுத்தவர் யாவராயினும், அவர் அப்பாடநூலைத் திறந்து பார்த்தவர் அல்லர் என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவேன்.

நான் 33 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இலக்கணமும் உரையும் அன்றி வேறொன்றும் முறையாகக் கற்றிலேன். அத்தகைய எனக்கு உடற்கல்விப் பாடநூலோடு ஓர் ஆண்டுக் காலம் உறவாட நேர்ந்தது என் பெயர்த்தியால். அவள் நடுவண் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளி ஒன்றில் பயின்றவள், கபடி ஆடுபவள். பன்னிரண்டாம் வகுப்பில் உடற்கல்வியையும் ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு, 2024-ஆம் ஆண்டில் பொதுத்தேர்வு எழுதினாள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் உடற்கல்வியிலேயே பட்டம் பெற்று ஆசிரியை ஆதல் வேண்டும் என்பது அவள் விருப்பம். அவள் தந்தையாகிய என் மகனோ வணிகவியலையே விரும்பினான். “பந்து விளையாடுவதற்கும் ஒரு பட்டமா?” என்பது அவன் கேள்வி.

“அப்பா, சென்னையில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் உடற்கல்விக்கென ஒரு கல்லூரி தொடங்கியது 1920-ஆம் ஆண்டிலே! அதற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே நம் நாட்டில் 2005 முதல் நடந்து வருகின்றதே!” என்று பெண் வாதாடினாள். மகன் உடனே இசைந்தானில்லை. நெடுநேரம் பேசியபின், “அப்பாடத்தில் 95 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் வாங்கிக் காட்டு, பிறகு பார்ப்போம்” என்றான். வழக்கு அவ்வளவில் நின்றது.

எளிய பாடம் என்று உலகம் கருதும் ஒன்றில் 95 வாங்குதல் எளிதன்று. அவ்வாண்டில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், செய்முறைக்கு 30. எழுத்துத் தேர்வு மூன்று மணி நேரம், வினாக்கள் 37. அவற்றுள் 18 வினாக்கள் ஒரு மதிப்பெண்ணுக்கு உரியன. அவற்றில் ஒரு சொல் தவறினும் ஒரு மதிப்பெண் போகும். ஐந்து மதிப்பெண் வினாக்கள் நான்கு கொடுத்து மூன்றற்கு விடை கேட்டிருந்தனர். போட்டிகளை நடத்தும் முறை, உணவு, யோகாசனம், காயங்கள், உடலியக்கத்தின் விசையியல், உளவியல், பயிற்சி முறைகள் எனப் பத்து அலகுகள். இவ்வளவையும் ஆங்கிலத்தில் எழுதுதல் வேண்டும்.

தொடக்கத்தில் அவள் படித்த முறை எனக்கு உவப்பாக இல்லை. நூலைத் திறந்து வைத்துக்கொண்டு மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு மைகளால் வரிகளின்மேல் கோடிடுவாள். இரண்டு மணி நேரத்திற்குப் பின் பக்கம் முழுதும் திருவிழாப் பந்தல்போல விளங்கும். “நூலை மூடிவிட்டுச் சொல், அம்மா” என்பேன். மூன்றாம் வரியிலே தடுமாறுவாள். “இப்போதுதானே தாத்தா படித்தேன்!” என்று வியப்பாள். படித்தது உண்மை, ஆனால் கண் பழகியதை மனம் பழகியதாக அவள் எண்ணிக்கொண்டாள்.

யான் புலவர் வகுப்புப் பயின்ற நாளில் நூற்பாக்களை ஏட்டைப் பாராமல் ஒப்புவித்தல் வேண்டும். காலையில் கேட்டதை மாலையில் ஒப்புவிப்போம், மறுநாள் ஒருமுறை, வாரக் கடைசியில் மற்றொரு முறை. இதனைப் பழைய பஞ்சாங்க வழக்கம் என்று இக்காலத்தார் சிலர் நகைப்பர். ஆயினும், 2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் கல்லூரி மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோர் ஒரு சாரார். ஒருமுறை படித்துப் பின் பாராமல் நினைவுகூர்ந்து எழுதியோர் மற்றொரு சாரார். ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தோரே சிறந்து நின்றனர். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோதோ நினைவுகூர்ந்தோரே முந்தினர். பொதுத்தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவது அன்று அல்லவா? இதனைக் கேட்ட பின்னரே பெயர்த்தி வண்ண மைகளை மேசை அறையில் வைத்துப் பூட்டினாள். தாத்தா சொன்னால் கேளாதவள், அமெரிக்கர் சொன்னால் கேட்டாள்! எவ்வாறேனும் கேட்டாளே என்று நான் மகிழ்ந்தேன்.

மனப்பாடம் இழிவானது என்று கூறுவாரும் உளர். பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரிக்குங்கால் கிளியை இடைத்தரத்தில் வைத்தார், கடைத்தரத்தில் வைத்திலர். ஊற்றியதை எல்லாம் ஒழுகவிடும் ஓட்டைக் குடமே கடைத்தரம். கிளியாதல் குற்றமன்று, கிளியாகவே நின்றுவிடுதல்தான் குறை. நூற்பாவை நெட்டுருச் செய்தபின் உரை கேட்டல் வேண்டும்.

அவ்வுரை கேட்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தோற்ற அணி வெளியேறும் முறையில் நடக்கும் போட்டிக்கு, அணிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் வருவதே ஆட்டங்களின் எண்ணிக்கை என்று அவள் மனப்பாடம் செய்திருந்தாள். 19 அணிகள் எனின் 18 ஆட்டங்கள். “ஏன் ஒன்று குறைக்க வேண்டும்?” என்று கேட்டேன். “வாய்பாடு அப்படித்தான் தாத்தா” என்றாள். “வாய்பாடு வானத்திலிருந்து விழுந்ததா?” என்றேன். சிறிது நேரம் விரலால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தவள், திடீரென நிமிர்ந்து, “ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி தோற்று வெளியேறுகிறது. கடைசியில் வெல்லும் அணி ஒன்று மட்டுமே தோற்காமல் நிற்கும். மற்ற 18 அணிகளும் தோற்றுத்தானே ஆகவேண்டும்! 18 தோல்விக்கு 18 ஆட்டம்!” என்று கூவினாள். அதன்பின் அவள் அதனை மறந்திலள். எல்லா அணியும் எல்லா அணியோடும் ஆடும் முறைக்கும் அவளே உரை கண்டாள். எட்டு அணிகளில் ஒவ்வொன்றும் ஏழு அணிகளோடு ஆடும், எட்டேழு 56, ஓர் ஆட்டத்தையே இரண்டு அணிகளும் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்வதால் அதனைப் பாதியாக்க 28.

சொற்களின் பொருளை ஆராய்வதில் எனக்கு எப்போதும் விருப்பம் உண்டு. ஆங்கிலக் கலைச்சொற்கள் அவளுக்கு வெறும் ஒலிகளாக இருந்தன. அவற்றைத் தமிழில் பெயர்த்துப் பார்ப்போம் என்றேன். எலும்பு முறிவின் வகைகளுள் ஒன்று பச்சைக்கொம்பு முறிவு. உலர்ந்த குச்சி ஒடித்தால் இரண்டாகும். பச்சைக்கொம்போ ஒருபுறம் கீறி, மறுபுறம் வளைந்து நிற்கும். சிறுவர் எலும்பு இளமையானது ஆதலின் அவ்வாறே முறிகின்றது. பல துண்டுகளாவது நொறுங்கு முறிவு. ஒரு துண்டின் முனை மற்றொன்றினுள் புகுந்துகொள்வது செருகு முறிவு. தமிழில் பெயரிட்டவுடன் அவள் கண்முன் படம் தோன்றிற்று. ஆங்கிலச் சொல்லும் அப்படத்தோடு ஒட்டிக்கொண்டது. நம் வழக்கில் சுளுக்கு என்று ஒரே சொல்லால் சுட்டுவனவற்றை அந்நூல் இரண்டாகப் பிரிக்கின்றது. எலும்பையும் எலும்பையும் பிணைக்கும் நார் காயமுறுவது ஒன்று. தசையோ, தசையை எலும்போடு பிணைக்கும் நாணோ காயமுறுவது மற்றொன்று. இவ்விரண்டனையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழப்போர் பலர் என அவள் ஆசிரியை கூறினாராம்.

அவ்வாண்டு தைமாதத்தில் ஒருநாள் வாசற்படியில் இறங்குகையில் என் வலக் கணுக்கால் பிசகியது. சிறிது நேரத்தில் வீங்கிற்று. என் மனைவி நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு தேய்ப்பதற்கு வந்தாள். பெயர்த்தி குறுக்கே வந்து நின்று, “இப்போது தேய்க்க வேண்டாம் பாட்டி, சூடும் வேண்டாம்” என்றாள். “உன் தாத்தாவுக்கு நாற்பது ஆண்டாக நான்தான் தேய்க்கிறேன்” என்றாள் பாட்டி. பெண் விட்டாளில்லை. “உள்ளே சிறு இரத்தக் குழாய்கள் கிழிந்து கசிகின்றன. தேய்த்தால் கசிவு மிகும். சூடு வைத்தால் குழாய்கள் விரியும். குளிர்ச்சி பட்டால் அவை சுருங்கும்” என்று கூறிக்கொண்டே, பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கால்மணி நேரம் வைத்தாள்; இழுபடும் கட்டுத்துணியால் அளவாகக் கட்டினாள்; இரண்டு தலையணைகளின்மேல் காலை உயர்த்தி வைத்தாள். பிறகு, “எழுந்து நான்கடி நடக்க முடிகிறதா தாத்தா? முடியாவிட்டால் எலும்பும் முறிந்திருக்கலாம், உடனே மருத்துவரிடம் போக வேண்டும்” என்றாள். நல்லவேளையாக நடக்க முடிந்தது. இவ்வளவையும் செய்தபோது அவள் நூலைத் திறந்து பார்த்திலள். வீக்கம் சில நாளில் வடிந்தது. பாட்டியின் வருத்தம் வடியச் சற்று மிகுதியான நாள் ஆயிற்று.

மறுநாள் அதனையே ஐந்து மதிப்பெண் விடையாக எழுதச் சொன்னேன். முன்னர் எழுதிய விடையில் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தம், உயர்த்தல் என நான்கு சொற்களும், அவற்றின்கீழ் வெற்றுரையும் இருந்தன. இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஏன் என்ற காரணம் இருந்தது. திருத்துவோர் ஒருவராக இருந்து பார்த்தால் எதற்கு முழு மதிப்பெண் அளிப்பேன் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

செய்முறைத் தேர்வின் 30 மதிப்பெண்ணில் உடற்றிறன் சோதனைக்கு 6, ஆட்டத் திறமைக்கு 7, யோகாசனத்திற்கு 7, பதிவேட்டுக்கு 5, வாய்மொழி வினாவுக்கு 5. ஆசனங்களின் பயனை மட்டும் படித்தல் போதாது. எவர் செய்யலாகாது என்பதனையும் படித்தல் வேண்டும். தனுராசனம் முதுகுக்கு நல்லது என்பதை எவரும் கூறுவர். குடலிறக்கம் உடையவரும், மிக்க இரத்த அழுத்தம் உடையவரும் அதனைச் செய்யலாகாது என்பதை அறிந்தவரே பிறர்க்குக் கற்பிக்கத் தக்கவர். இப்பாடத்தை வகுத்தவர்மேல் எனக்கு மதிப்பு உண்டானது இவ்விடத்திலேதான்.

முதியோர்க்குரிய உடற்றிறன் சோதனை ஒன்றும் அப்பாடத்தில் உண்டு. ரிக்லி, ஜோன்ஸ் என்னும் இருவர் அமைத்தது. அதனைப் படிக்கும் பிள்ளைகள் பதினேழு வயதினர். அவர்களுக்கு முதுமை என்பது ஏட்டுச் செய்தி. என் பெயர்த்திக்கோ வீட்டிலேயே ஒரு முதியவன் அகப்பட்டான்! கால் குணமாகி ஒரு மாதம் சென்றபின், கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரமாகப் போட்டாள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 நொடியில் எத்தனை முறை முழுதும் எழுந்து உட்கார முடியும் என்பது சோதனை. 66 வயதுடைய நான் 11 முறை எழுந்தேன். என் வயதுடைய ஆடவர்க்கு 12 முதல் 18 வரை இயல்பான அளவாம். அவள் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எழுது அம்மா, மதிப்பெண் குறைந்தால் மாணவன்தானே வருந்த வேண்டும்?” என்றேன். அவள் சிரித்திலள். “இது தொடையின் வலிமையைக் காட்டும் அளவு தாத்தா. இது குறைந்துகொண்டே போனால் ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுவதற்கும் பிறர் கை வேண்டியிருக்கும்” என்றாள். நூலில் அவ்வரியைப் பலமுறை படித்திருப்பாள். அன்றுதான் அவள் குரல் தாழ்ந்தது. மறுநாள் முதல் காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை நான் எழுந்து உட்கார வேண்டும் என்பது அவள் கட்டளை. தான் மறந்தாலும் பாட்டி மறவாமல் இருக்கும்படி ஏற்பாடு செய்தாள். கட்டளையிட்டவள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டளைக்கு உட்பட்டவன் பயின்றுகொண்டிருந்தேன்.

தேர்வுக்கு முன்னிரவு அவளை ஒன்பது மணிக்குமேல் படிக்க விடவில்லை. உறக்கம் குறைந்தால் ஆட்டக்காரர் தளர்வர் என்று எழுதப்போகிறவள், தானே உறங்காமல் போவது முறையன்று அல்லவா? இதில் மட்டும் அவளுக்கும் எனக்கும் சிறிது பூசல் நேர்ந்தது.

மே மாதத்தில் முடிவு வந்தது. எழுத்தில் 68, செய்முறையில் 29, ஆக 97. அவள் முதலில் மகிழ்ந்தாள். பிறகு மூன்று மதிப்பெண் எங்கே போயிற்று என்று ஒரு நாள் முழுதும் ஆராய்ந்தாள். என் மகன் மதிப்பெண் பட்டியலை இருமுறை பார்த்தான். ஒன்றும் கூறாமல் வெளியே சென்று, உடற்கல்விப் பட்டவகுப்புக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் எது என்று கேட்டுக்கொண்டு வந்தான்.

அவள் பதிவேடு இப்போது என் மேசையில் உள்ளது. 11 என்று எழுதிய இடத்திற்குக் கீழே, கல்லூரிக்குப் புறப்படுவதற்கு முதல்நாள் மீண்டும் சோதித்து 14 என்று எழுதினாள். அதன்கீழ் விடுமுறைக்கு ஒரு கட்டமாகப் பல கட்டங்கள் வரைந்து வைத்திருக்கின்றாள். பாட்டிக்கும் தனியே ஒரு வரிசை உண்டு. தீபாவளிக்கு வருவதாக எழுதியிருக்கின்றாள். நாற்காலியைச் சுவரோரமாகப் போட்டு வைத்துள்ளேன்.