அலமாரியில் காத்திருப்போர்

நூல் வாங்குதல் எளிது, படித்தல் அரிது. வாங்குவதற்குச் சிறிது பொருளும் ஒரு கணத்து ஆசையும் போதும். படிப்பதற்கோ காலம் வேண்டும், ஓய்வு வேண்டும், அரவமற்ற ஒரு மூலை வேண்டும். மும்பை மாநகரில் வாழும் நமக்குப் பொருளினும் அரியவை இம்மூன்றுமே அல்லவா? காலையில் மின்ரயிலைப் பிடிக்க ஓடி, இரவில் அதே ரயிலில் நசுங்கித் திரும்பும் வாழ்க்கையில், நூல்கள் வரும் வேகத்திற்குப் படிக்கும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. இரண்டு அறைகளே உள்ள இல்லங்களில் படிக்கப்படாத நூல்களும் ஒரு குடும்பமாக நம்மோடு குடியிருக்கின்றன. வாடகை கொடாத அக்குடித்தனக்காரர்களைப் பேணும் வகை குறித்து, எங்கள் இல்லத்தில் கண்டவற்றை இங்கே கூற விழைகின்றோம்.

அவர்கள் எவ்வாறு குடியேறுகின்றனர் என்பதை முதற்கண் நோக்குவோம். தாயகத்தில் வாழ்வோர், வேண்டும்பொழுது கடைக்குச் சென்று வேண்டிய ஒரு நூலை வாங்குவர். நாமோ ஆண்டிற்கொருமுறை ஊர் செல்லும்பொழுது ஓராண்டுப் பசியையும் ஒரே நாளில் தீர்த்துக்கொள்ள முயல்கிறோம். 1977ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நிகழ்வதால், விடுமுறையில் செல்வோர்க்கு அது இன்னொரு பண்டிகையாகவே ஆகிவிட்டது. கரும்பும் மஞ்சட்கொத்தும் வாங்கிய கை, பத்து நூல்களையும் வாங்கிவிடுகிறது. முன்னர்ப் பதிவுப் புத்தக அஞ்சலில் குறைந்த கட்டணத்தில் கட்டுக் கட்டாக அனுப்பிவந்தோம். 2024 டிசம்பரில் அவ்வசதி நிறுத்தப்பட்ட பின்னர், வடாமும் ஊறுகாயும் வைக்கும் பெட்டியிலேயே நூல்களும் இடம் கேட்கின்றன. இவையன்றி, சங்கப் போட்டிகளில் வந்த பரிசுகள், திருமண அன்பளிப்புகள், நண்பர் தாமே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த கவிதைத் தொகுதி, கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய நூல்களிடையே கண்டெடுத்த பைண்டு செய்த தொடர்கதை எனப் பல வாயில்கள் உள. வெளியேறும் வாயில் மட்டும் ஒன்றுமில்லை.

இவ்வழக்கம் நமக்கே உரியதன்று. வாங்கிய நூல்களைப் படியாது அடுக்கி வைப்பதற்கு ஜப்பானியர் 'சுண்டொக்கு' என்று ஒரு பெயரே இட்டிருக்கின்றனர். நம்மிடம் அதற்குத் தனிச்சொல் இல்லை. ஆனால் ஒரு திருநாள் இருக்கிறது. சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று ஒருநாள் அவற்றைப் படித்தலாகாது என்று விலக்கி வைக்கிறோம். சில நூல்களுக்கு ஆண்டு முழுவதுமே சரசுவதி பூசைதான்! இடமில்லா வீடுகளில் கொலுப்படிக்கு முட்டுக் கொடுக்கும் பேறும் தடித்த தொகுதிகளுக்குக் கிட்டுகிறது. அறிவு நம்மை மேலே ஏற்றும் என்பர். எங்கள் வீட்டில் அது செட்டியார் பொம்மையை ஏற்றி வைத்திருந்தது.

சென்ற ஆண்டில் ஒரு நாள் எங்கள் நூல்களை எண்ணினோம். மொத்தம் 612. அவற்றுள் எங்களில் ஒருவரேனும் படித்து முடிக்காதவை 237. எண்ணிக்கை தெரிந்தவுடன் கணக்கும் தெளிவாயிற்று. ஒரு நூலுக்குச் சராசரி 250 பக்கம் எனக் கொண்டால், காத்திருக்கும் பக்கங்கள் 59,250. நாள்தோறும் தவறாது 20 பக்கம் படித்தால் ஆண்டிற்கு 7,300 பக்கம். அஃதாவது 29 நூல்கள். இனி ஒரு நூலும் வாங்காதிருந்தாலே இருப்பதை முடிக்க எட்டு ஆண்டுகள் செல்லும். ஆண்டிற்கு 29 நூல்களுக்கு மேல் வாங்கினாலோ இக்கடன் என்றும் தீராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. எனினும் இந்த ஏட்டுக் கணக்கு உதவியது. படித்து முடித்த நூல்களின் எண்ணிக்கையில் பாதியளவே புதிதாக வாங்குவது என்று அன்று முதல் ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டோம்.

அடுத்து, 237 நூல்களையும் இனம் பிரித்தோம். சில நூல்கள் தொடக்கம் முதல் முடிவு வரை படிப்பதற்காக எழுந்தவையே அல்ல. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியையோ, 1954இல் முதல் தொகுதி வெளிவந்த கலைக்களஞ்சியத்தையோ அகரம் தொடங்கி வரிசையாகப் படிப்பார் எவர்? அத்தகையவை ஐயம் எழும்பொழுது எடுத்துப் பார்க்கும் துணைவர்கள். அவற்றைப் படிக்கவில்லையே என வருந்துதல் வேண்டா. இவ்வகையில் 38 நூல்கள் நீங்கின. எஞ்சியவற்றை இவ்வாண்டிற்குள் படிப்பவை, பின்னர்ப் படிப்பவை, நாம் என்றுமே படிக்கப் போவதில்லை எனினும் பிறர் விரும்பிப் படிக்கக்கூடியவை, முன்னோர் வழி வந்தவை என நான்காக வகுத்தோம்.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சீ. இரா. அரங்கநாதன் சீர்காழியில் 1892இல் பிறந்த தமிழர். கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை உலக நூலகங்கள் யாவும் இன்றும் மதிக்கின்றன. நூல் பயன்படுவதற்கே உரியது என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் எங்கோ இருக்கிறார் என்பதும், நூலகம் வளரும் உயிர் என்பதும் அவற்றுள் அடங்கிய கருத்துகள். வளரும் உயிர்க்கு உணவு உள்ளே செல்வது போலக் கழிவு வெளியேறுதலும் வேண்டும் அன்றோ? வீட்டு நூலகத்திற்கும் இது பொருந்தும்.

பட்டியல் எழுதும் பணியைப் பத்து வயதுப் பேத்தியிடம் ஒப்படைத்தோம். அவள் தமிழ் நன்கு பேசுவாள். ஆனால் பள்ளியில் கற்றவை தேவநாகரியும் ஆங்கில எழுத்துமே. ஒரு நூலுக்கு ஓர் அட்டை. அதில் நூற்பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண்ணிக்கை. முதற்சில நாள்கள் அவள் எழுத்துகளை எழுதவில்லை. கோலம் போடுவது போல வரைந்தாள். 'ழ'கரம் அவளுக்கு ஒரு பறவையாகத் தோன்றியது. ஐம்பது அட்டைகள் ஆனபொழுது, "இந்தக் கொம்பு அந்தப் புத்தகத்திலும் இருந்ததே, பாட்டி!" என்றாள். நூறு கடந்தபொழுது முதுகட்டையைப் பார்த்து ஆசிரியர் பெயரைத் தானே கூட்டிச் சொன்னாள். அரங்கநாதன் வகுத்த பகுப்பு முறை அவளுக்கு ஒத்துவரவில்லை. உயர வரிசையிலேயே நூல்களை அடுக்கினாள். அதனால் சமையற்கலை நூலும் சைவ சித்தாந்தமும் அண்டை வீட்டார் ஆயின. அவ்வரிசையை இன்றுவரை நாங்கள் மாற்றவில்லை.

மும்பையில் நூல் காப்பதற்குத் தனிக்கவனம் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றே ஈரமாக இருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை யாரும் மறந்திரார். அன்று தரைத்தளத்தில் குடியிருந்த எங்கள் வீட்டிலும் கீழ்த்தட்டு நூல்கள் நனைந்தன. நனைந்த நூலை வெயிலில் காயவைத்தால் தாள் முறுகி நெளியும். ஆதலின் பக்கங்களுக்கிடையே வெள்ளைத்தாளை இட்டு, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, தாள்களை மாற்றி மாற்றி வைத்துப் பெரும்பாலானவற்றை மீட்டோம். மழமழப்பான படத்தாள்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அதுமுதல் கீழ்த்தட்டில் பாத்திரங்களே இருக்கின்றன. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி நிறுத்துதலும், நூல்களை நெருக்கித் திணியாதிருத்தலும் நலம். பைண்டுப் பசையை நாடி வரும் இராமபாணப் பூச்சிக்கு, வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றை இடித்துத் துணியில் முடிந்து வைக்கும் முறை தஞ்சைச் சரசுவதி மகாலில் வழங்கி வந்தது. ஆயினும் எல்லா மருந்தினும் சிறந்தது நூலை அடிக்கடி எடுத்துப் புரட்டுதலே. மனிதர் கை படும் நூலைப் பூச்சி எளிதில் அண்டாது.

கொடுத்தலே யாவற்றினும் கடினமான பகுதி. "நாம் கொடுத்துவிட்டால் இந்நூல் அழிந்துவிடுமோ?" என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் கொல்கத்தாத் தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், தில்லிப் பொது நூலகம் ஆகியவற்றிற்கு அனுப்புதல் வேண்டும். பழந்தமிழ் நூல்கள் பல, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. ஆகவே அண்மைக் காலத்து அச்சு நூல்களை அஞ்சாது பிறர்க்கு வழங்கலாம். சங்க நூலகமும், மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளும் நம் அருகிலேயே உள்ளன. எனினும் பழைய சிறுவெளியீடுகள், நாடக அறிக்கைகள், ஊர்ச் சங்க மலர்கள் போன்றவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் பிறர் பயனற்றவை எனக் கருதிய அத்தகைய தாள்களையும் வாழ்நாள் முழுதும் திரட்டினார். 1992இல் அவர் மறைந்த பின்னர், ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பே சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது.

நான்காம் வகையாகிய முன்னோர் நூல்களைக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. 1958இல் கும்பகோணத்திலிருந்து பிழைப்பைத் தேடி இந்நகருக்கு வந்த எங்கள் தந்தையார், ஒரு தகரப்பெட்டியில் 41 நூல்களை விட்டுச் சென்றார். ஒவ்வொன்றிலும் வாங்கிய நாளும் கையொப்பமும் இருக்கின்றன. ஒரு புதினத்தின் 84ஆம் பக்கத்தில் பழைய அட்டைப் பயணச்சீட்டு ஒன்று அடையாளமாகச் செருகப்பட்டிருந்தது. அதற்கு மேல் படிக்க அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை போலும்.

அந்நூலையே இரவு உணவுக்குப்பின் அரைமணி நேரம் உரக்கப் படிக்கத் தொடங்கினோம். எழுத்தறியாத பேத்திக்கும் செவி உண்டு. சமையலறையில் பாத்திரம் துலக்கும் மருமகளும் குழாயை மெல்லத் திறந்துகொண்டு கேட்டாள். பயணச்சீட்டு இருந்த பக்கத்தை எட்டிய இரவில், "கொள்ளுத்தாத்தா இதற்குமேல் படிக்கவே இல்லையா?" என்று பேத்தி வினவினாள். "இல்லை, மீதியை நாம் படிப்போம்" என்றோம். அவள் அச்சீட்டை எடுத்து, அன்று நிறுத்திய 91ஆம் பக்கத்தில் வைத்தாள்.

புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் நூல்கள் படிக்கப்படாது கிடப்பது ஓய்வின்மையால் மட்டும் அன்று. படிக்க வல்லவர் ஒவ்வொரு தலைமுறையிலும் குறைந்து வருவதே உண்மையான இடர். நமக்குப்பின் அலமாரியைத் திறப்பவர்க்கு அவை வெறுந்தாளாகத் தோன்றுமாயின், எத்தனை அந்துருண்டை இட்டுக் காத்தும் பயன் என்ன? கறையானிடமிருந்து நூலைக் காக்கும் நாம், மறதியிடமிருந்தும் அதைக் காத்தல் வேண்டும். அதற்கு ஆகும் செலவு நாளொன்றுக்கு அரைமணி நேரமே.

அன்பர்கள் வரும் விடுமுறை நாளில் தத்தம் இல்லத்து நூல்களை எண்ணிப் பார்ப்பாராக. தமக்குத் தேவையற்றவற்றின் பெயர்களை ஒரு தாளில் குறித்துச் சங்கத்தின் மாதக் கூட்டத்திற்குக் கொண்டுவரின், செம்பூரில் உறங்கும் நூலுக்கு முலுண்டில் ஒரு வாசகர் கிடைக்கலாம். தாராவியில் ஒருவர் தேடும் நூல் மாதுங்காவில் ஒருவர் கட்டிலுக்கடியில் இருக்கலாம். அப்பட்டியலை எழுதும் எழுதுகோலை மட்டும் வீட்டிலுள்ள சிறுவர் கையில் கொடுப்பது நன்று.