கடலுக்கும் ஒரு ஹெச்பிஏ1சி உண்டு

1/ சுகர் செக்கப்புக்கு முன்னாடி ரெண்டு நாள் வாயைக் கட்டினா ரிப்போர்ட் நல்லாத்தான் வரும். ஹெச்பிஏ1சி எடுத்தா மூணு மாசக் கதையும் வெளிய வந்துடும். எங்க ஏனாத்தூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச டெஸ்ட்தான்.

2/ கடலுக்கும் இதே பிரச்சினை. ஒரு பாட்டில் தண்ணி எடுத்துச் சோதிச்சா அந்த நேரத்துக் கணக்குதான் கிடைக்கும். நேத்து ராத்திரி கலந்த கழிவை அலை கொண்டுபோயிருக்கும்.

3/ 1975-ல் எட்வர்ட் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்ன வழி: மட்டியைக் கேளுங்க. பாறையில ஒட்டிக்கிட்டு, தினமும் பல லிட்டர் தண்ணியை வடிகட்டிச் சாப்பிடுற உயிர். காட்மியம், ஈயம் எல்லாம் அதன் சதையில சேரும். எண்ணெய் நச்சை மீனோட கல்லீரல் ஓரளவு சிதைச்சுடும். மட்டிக்கு அந்தத் திறன் குறைவு, அதனால தேங்கும். 1986-ல் அமெரிக்கா இதையே நாடு தழுவிய திட்டமாக்கியது.

4/ எண்ணூர்ல 2017-ல் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டுச்சு. 2023 டிசம்பர் வெள்ளத்துல முகத்துவாரத்துக்குள்ளயே வந்துச்சு. கறுப்புப் படலம் மறைஞ்சா போதுமா? அங்க இறால் பிடிச்சுப் பிழைக்கிறவங்களுக்கு நிஜ பதில் வேணும். அது மட்டிகிட்ட இருக்கு.

5/ "கடல் எங்கயோ இருக்கு, நமக்கென்ன"ன்னு நினைக்காதீங்க. ராணிப்பேட்டைத் தோல் கழிவைச் சுமந்த பாலாறு நம்ம மாவட்டம் வழியாத்தான் கடலுக்குப் போகுது.

6/ மட்டி சாப்பிடறவங்களுக்கு: நல்லா கொதிக்க வச்சா கிருமி சாகும், உலோகம் போகாது. ஆலைக் கழிவு கலக்குற இடத்துல எடுத்ததை வாங்காதீங்க. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கண்டிப்பா வேண்டாம்.