எருக்கைத் தேடி ஒரு சென்னை நடை

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் மயிலாப்பூர் மாட வீதிகளில் கால் வைக்க இடமிருக்காது. களிமண் பிள்ளையார், காகிதக் குடை, அருகம்புல் கட்டு, நடுவே குவியல் குவியலாக எருக்கம்பூ மாலை. ரதசப்தமி வந்தால் எருக்க இலைக்குக் கிராக்கி. ஏழு இலைகளைத் தலையிலும் தோளிலும் வைத்துக் குளிக்க வேண்டுமே! பூஜைச் சாமான் கடைகளில் வெள்ளெருக்கு வேரில் செதுக்கிய பிள்ளையாரும், எருக்கு நார்த் திரியும் வருஷம் முழுக்கக் கிடைக்கும். ஆனால், அதே வீதிகளில் வேரூன்றி நிற்கும் ஓர் எருக்கஞ்செடியைக் காட்டுங்கள் பார்ப்போம்!

தி.நகரில் தேடுவது இன்னும் வீண். ஒரு காலத்தில் பெரிய ஏரி இருந்த இடம் அது. இன்று பனகல் பூங்காவை விட்டால் மண் தெரிகிற இடமே அபூர்வம். காலி மனை ஒன்று கிடந்தால் கார் நிறுத்திவிடுகிறார்கள்.

அடையாறு பக்கம் வந்தால்தான் மூச்சு வருகிறது. பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து உடைந்த பாலம் நோக்கி நடந்தால், உப்புக் காற்றையும் வெயிலையும் பொருட்படுத்தாமல் மணலில் சாம்பல் பச்சை இலையோடு எருக்கு நிற்கும். இலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெள்ளையாக ஒரு முட்டை இருக்கலாம். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியுடையது. ஆரஞ்சு இறக்கை, கறுப்பு நுனி, அதில் வெள்ளைப் பட்டை; நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்.

இதன் புழு சாப்பிடுவது எருக்கும் அதன் சொந்தக்காரச் செடிகளும்தான். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு இருக்கும் புழு, முதலில் இலை நரம்பைக் கடித்துப் பால் வருவதைத் தடுக்கும், பிறகுதான் சாப்பாடு. பாலில் உள்ள நஞ்சு உடம்பில் சேர்வதால் பறவைகள் இதைத் தொடுவதில்லை. பூவுக்கு வேறொரு விருந்தாளி உண்டு: பெரிய கருவண்டு. எருக்கின் மகரந்தம் தூளாக உதிராது. சிறு பொட்டலமாக வண்டின் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும்.

காலி மனையைச் சுத்தம் செய்யும்போது முதலில் வெட்டப்படுவது இந்தச் செடிதான். வேர்ப் பிள்ளையாருக்காகப் பிடுங்கினால் செடியே போயிற்று. எனவே மொட்டை மாடியில் நாமே விதைத்தால் என்ன?

“எருக்கு முளைச்ச வீடு உருப்படுமா?” என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். விருத்தாசலம் அருகே இராஜேந்திரப்பட்டினம் சிவன் கோயிலில் வெள்ளெருக்குதான் தலமரம் என்று சொல்லிப் பாருங்கள். (புழுவுக்கு வெள்ளை, ஊதா பேதமெல்லாம் கிடையாது.)

காய் முற்றி வாய் பிளக்கத் தொடங்கும்போதே பறித்துவிட வேண்டும். தாமதித்தால் பஞ்சோடு விதை பறந்துவிடும். பஞ்சை நீக்கி, தட்டையான பழுப்பு விதைகளை மணல் கலந்த மண்ணில் மேலாகத் தூவி, லேசாக மூடுங்கள். நல்ல வெயில் வேண்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. ஆணிவேர் ஆழமாகப் போகும் என்பதால் சின்னத் தொட்டி உதவாது. பழைய டிரம்மில் நேரடியாக விதைத்துவிடலாம். இரண்டு மூன்று செடிகளாவது இருக்கட்டும். நாலு புழு சேர்ந்தால் இளஞ்செடி ஒன்று மொட்டையாகிவிடும். பயப்படாதீர்கள், திரும்பத் துளிர்க்கும். மஞ்சள் அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். மருந்து அடித்தால் புழுவும் சாகும்.

பால் மட்டும் கண்ணில் படவே கூடாது, கருவிழியைப் பாதிக்கும். இலை பறித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

அடுத்த ரதசப்தமிக்கு உங்கள் செடியிலேயே ஏழு இலை பறிக்கலாம். அடிப்பக்கம் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பறியுங்கள்.