முள்ளே ஊசியானது

திருவண்ணாமலையில் கிரிவலம் புறப்படுகையில் நாம் ஊசி, நூற்கண்டு, முள்வாங்கி ஆகியவற்றை மறவாமல் மடியில் முடிந்துகொள்கிறோம். 14 கிலோமீட்டர் வெறுங்காலுடன் நடப்போர்க்கு முள்வாங்கியைவிடச் சிறந்த தோழன் ஏது?

1896-ம் வருஷம் அவ்வூர் வந்தடைந்த ஸ்ரீ ரமண மகரிஷிகளிடமோ இவை யாதொன்றும் இல்லை. மலைவாசத்தில் ஒரு சமயம் கௌபீனம் கிழிந்தது. வாங்கித் தர அன்பர்கள் இருந்தனர். எவரையும் கேட்பது அவர் வழக்கமன்று. முள் ஒன்றை எடுத்து, அதன் தடித்த அடிப்புறத்தில் மற்றொரு முள்ளால் துளையிட்டார். கௌபீனத்திலிருந்தே ஓர் இழையை உருவிக் கோத்துத் தைத்து முடித்தார்.

நுனியருகே துளைத்திருந்தால் முள் பிளந்துபோயிருக்கும். இழையின் யுக்தி அதனினும் நேர்த்தி: அதே பருமன், அதே நிறம். நம் வீட்டு ஊசிப்பெட்டியிலோ வேட்டிக்கு ஒத்த நூல் ஒரு நாளும் அகப்படுவதில்லை!