முதலில் வந்த பதில்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. கிள்ளானில் ஒரு பயிற்சி மையத்தின் கணினி அறையில் நானும், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பியும் நின்றிருந்தோம். 24 கணினிகள். திங்கட்கிழமை காலை அங்கே மாணவர்களுக்குத் தேர்வு. அதற்குள் எல்லாவற்றிலும் விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டும்.

ஒவ்வொன்றாக யூஎஸ்பி செருகிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதனால் நாங்கள் ஒரு சர்வரைக் கையோடு கொண்டுபோய், நெட்வொர்க் வழியாகவே ஏற்றுவோம். பிஎக்ஸ்இ என்பது அந்த முறையின் பெயர். விசையை அழுத்தியதும் கணினிக்குத் தன் முகவரிகூடத் தெரியாது. "எனக்கொரு முகவரி வேண்டும், எந்தக் கோப்பை வைத்துத் தொடங்க வேண்டும்?" என்று நெட்வொர்க் முழுவதற்கும் குரல் கொடுக்கும். முகவரியை ரவுட்டர் கொடுக்கும். கோப்பின் பெயரை எங்கள் சர்வர் சொல்லும்.

அன்று சில கணினிகளில் எல்லாம் ஒழுங்காக வந்தது. மற்றவை கோப்புக்காகக் காத்திருந்து, பதில் இல்லை என்று நின்றுவிட்டன. ஒன்றில் கேபிளை மாற்றினேன், வேலை செய்தது. "பாத்தியா?" என்றேன் பெருமையாக. அதையே மறுபடி தொடங்கியபோது நின்றுவிட்டது.

"அண்ணே, திரையில சர்வர் நம்பர் மாறி மாறி வருதுண்ணே."

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல அந்தக் கேபிளப் புடி."

பதினைந்து வருட அனுபவம் அப்படிப் பேச வைத்தது.

இரவு ஒன்பதரைக்குள் எட்டுக் கேபிள்களை மாற்றிவிட்டேன். பலனில்லை. சுவிட்ச் பழுது, புதியது வாங்க வேண்டும் என்று மைய நிர்வாகிக்கு வாட்ஸ்அப்பும் அனுப்பிவிட்டேன்.

பக்கத்து மாமாக் கடையில் தே தாரேக் வந்தது. தம்பி தயங்கித் தயங்கித் தன் கைப்பேசியை நீட்டினான். ஆறு படங்கள். வேலை செய்த கணினிகளில் சர்வர் முகவரி 10 என்று முடிந்திருந்தது, அது எங்களுடையது. நின்றுபோனவற்றில் 250. அப்படியொரு சர்வரை நான் வைக்கவே இல்லை.

திரும்பிப் போய் மடிக்கணினியில் வயர்ஷார்க்கைத் திறந்தேன். கணினி ஒரு தடவைதான் கேட்டது. கோப்பின் பெயரை இரண்டு பேர் சொன்னார்கள். சில நேரம் 10 முந்தியது, சில நேரம் 250. முதலில் வந்த பதிலைக் கணினி நம்பிவிட்டது. என் கேபிள் வைத்தியம் பலித்ததும் இப்படித்தான், தற்செயலாக.

250இன் வன்பொருள் முகவரியை சுவிட்சின் பட்டியலில் தேடினோம். 22ஆம் துளை. அந்தக் கேபிள் சாமான் அறைக்குப் போனது. உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. இதே வேலைக்காக எப்போதோ யாரோ வைத்துவிட்டு மறந்துபோனது. அது யாருக்கும் முகவரி கொடுக்காது, தொடங்கக் கேட்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லும். அதனால் தினமும் அங்கே வேலை பார்த்தவர்கள் எந்த வித்தியாசத்தையும் உணரவில்லை. கோப்பின் பெயரைச் சொன்னதே தவிர, அந்தக் கோப்பு அதனிடம் இல்லை.

நிர்வாகியைக் கேட்டுவிட்டுக் கேபிளைக் கழற்றினேன். 24 கணினிகளும் எழுந்தன. இப்படி இரண்டு சர்வர்கள் உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில், நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதே நல்லது. எப்போதும் வேலை செய்யாத கணினிக்குக் கேபிளைப் பார்க்கலாம். ஒரே கணினி ஒருமுறை எழுந்து ஒருமுறை நின்றால், பதில் சொன்னது யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். "ஐபேட் எடுத்துக்கவா?" என்று மகள் கூடத்தில் நின்று கேட்பாள். பாட்டி "எடுத்துக்கோ" என்பார், நான் "வேணாம்" என்பேன். எது முந்துகிறதோ அதுதான் அவளுக்குச் சட்டம்.

அன்றிரவு நிர்வாகிக்கு இன்னொரு செய்தி அனுப்பினேன்: "சுவிட்ச் வேண்டாம். நான் தவறாகச் சொல்லிவிட்டேன். கண்டுபிடித்தது தம்பி."

இப்போதெல்லாம் எந்த இடத்துக்குப் போனாலும், கேபிளைத் தொடுவதற்கு முன் கேட்டுவிடுகிறேன்: "தம்பி, திரையில என்ன நம்பர் வருது?"